சிவப்புக் கட்டத்து மாத்திரைகள்

தையல் போடும் அறையிலிருந்து நர்ஸ் வெளியே வந்து, "பொண்ணோட அம்மா வரலியா? போன் பண்ணி வரச் சொல்லுங்க" என்றாள்.

"நான்தான் அம்மா" என்றாள் தேவிப்ரியா.

நர்ஸ் அவள் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். "பக்கத்து வீட்டுக்காரங்கனு நினைச்சிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லிக் கையெழுத்துக்குத் தாளை நீட்டினாள். தேவிப்ரியா தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எப்படியும் எடுத்துக்கொள்ளவில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

மகள் கவிநிலாவுக்குப் பதினாலு வயது. டியூஷன் முடிந்து சைக்கிளில் வரும்போது, ரோடு போடக் கொட்டியிருந்த ஜல்லியில் சறுக்கி விழுந்துவிட்டாள். முகவாய் கிழிந்து எலும்பு தெரிந்தது. போன் வந்தபோது தேவிப்ரியா வேங்கிக்கால் இ-சேவை மையத்தில் இருந்தாள். எதிரே உட்கார்ந்திருந்தவரின் வருமானச் சான்று விண்ணப்பத்தை முடித்து, ஓடிபி கேட்டுப் போட்டு, ரசீதைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தாள். ஆட்டோவில் மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். துப்பட்டாவை மடித்து முகவாயில் அழுத்திப் பிடித்தாள். எதிரே வந்த பஸ்களின் பெயர்ப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். செங்கம். போளூர். அவலூர்பேட்டை. செய்யவேண்டிய எதையும் அவள் விட்டுவிடவில்லை. வேறு யாரோ செய்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதுபோல இருந்தது, அவ்வளவுதான்.

நர்ஸ் சொன்னது உள்ளே படுத்திருந்த கவிநிலாவின் காதிலும் விழுந்தது.

தேவிப்ரியா இப்படிப் பிறந்தவள் இல்லை. அடி அண்ணாமலையில் வளர்ந்து, பி.காம். முடித்து, பத்து வருடமாக இந்த மையத்தில் ஆபரேட்டராக இருக்கிறாள். சாதிச் சான்று, வாரிசுச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாவற்றையும் திரையைப் பார்க்காமலே நிரப்பிவிடுவாள். வயசானவர்களின் ரேகை மெஷினில் விழாதபோது அவர்கள் விரலை ஈரத் துணியால் துடைத்து, ஊதி, மறுபடி வைத்துப் பார்ப்பாள். "அந்த மூணாம் நம்பர் பொண்ணுகிட்ட போ" என்று கிராமத்து ஆட்கள் ஒருவருக்கொருவர் சொல்லி அனுப்புவார்கள். கணவன் குமரேசன் குட்டியானை வண்டி வைத்துக்கொண்டு லாட்ஜுகளுக்குக் கேன் தண்ணீர் போடுகிறவன். வாயாடி. அவன் வேலை முடிந்து வந்து ஏதாவது சொன்னால் இவளும் சிரிப்பாள். அப்போதெல்லாம் அந்த வீட்டில் சிரிப்பு வெளியில் கேட்கும்.

நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, ஆதரவற்ற விதவைச் சான்று கேட்டு வந்த ஒரு பெண்ணின் பெயரைத் தட்டிக்கொண்டிருந்தபோது தேவிப்ரியாவுக்கு அழுகை வந்தது. அந்தப் பெண் அழவில்லை. "இன்னாம்மா ஆச்சி உனக்கு?" என்று அவளே எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தாள். மறுநாளும் அழுகை வந்தது. அதற்கு மறுநாளும். குழம்பு கொதிக்கும்போது, சட்டை மடிக்கும்போது, காரணம் என்று ஒன்றும் இல்லாமல் வந்தது. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு குமரேசன் அவளை ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப் போனான்.

முதல் மாத்திரையில் வாந்தியும் தலைசுற்றலும். பத்து நாளில் நிறுத்திவிட்டார்கள். இரண்டாவது மாத்திரையில் தூக்கம். சாயங்காலம் ஏழு மணிக்குப் படுத்தால் மறுநாள் மத்தியானம் வரை எழுந்திருக்க முடியவில்லை. வேலை போய்விடும் நிலைமை. குமரேசன் கத்தினான். "ஊர்ல எல்லாருந்தான் மாத்திர சாப்புடறாங்க. உனக்கு மட்டும் எதுவும் ஒத்துக்காதா? எழுந்துக்கணும்னு மனசு வெச்சா எழுந்துக்கலாம்" என்றான். மூன்றாவது மாத்திரையில் வாந்தி இல்லை, அவ்வளவு தூக்கமும் இல்லை. ஒரு மாதத்தில் அழுகை நின்றுவிட்டது. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி.

அழுகையோடு சேர்ந்து மற்றதும் நின்றுவிட்டது என்பது அவளுக்கே ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. பிடித்த புளிக்குழம்பு புளிக்குழம்பாக மட்டும் இருந்தது. கவிநிலா பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கி வந்து காட்டினாள். எத்தனை மார்க் என்று பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "எதுவும் பிடிக்கல டாக்டர்" என்று போய்ச் சொன்னாள். வியாதி இன்னும் முழுசாகப் போகவில்லை என்று அவர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். அடுத்த வருடம் இன்னொரு தடவை கூட்டினார். பிறகு அவர் ஊரைவிட்டுப் போய்விட்டார். அந்த கிளினிக்குக்குச் சனிக்கிழமைதோறும் வருகிற அன்பரசன் என்ற இளம் டாக்டரிடம் அவளுடைய சீட்டு வந்து சேர்ந்தது.

தையல் பிரித்த வாரம், சனிக்கிழமை, கவிநிலா தானும் கிளினிக்குக்கு வருவேன் என்று அடம்பிடித்து வந்தாள். டாக்டர் வழக்கம்போல, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார். தேவிப்ரியா வழக்கம்போல, "பரவால்ல சார்" என்றாள்.

"இல்ல சார்" என்றாள் கவிநிலா. முகவாயில் பிளாஸ்திரி இருந்தது. "எனக்கு அடிபட்டப்போ நர்ஸ் இவங்கள பக்கத்து வீட்டு ஆன்ட்டினு நினைச்சாங்க. நானும் அப்படித்தான் சார் நினைப்பேன் சில சமயம்."

குமரேசன் மகளின் தோளைத் தொட்டு, "இன்னா பேசற நீ?" என்றான். டாக்டர் அவனைக் கையமர்த்திவிட்டுத் தேவிப்ரியாவிடம் திரும்பினார்.

"அவ சொல்றது சரியாங்க?"

"சரிதான் சார்."

"அவ சொன்னதைக் கேட்டு இப்ப எப்படி இருக்கு?"

தேவிப்ரியா யோசித்தாள். "கஷ்டமா இருக்கணும்" என்றாள்.

அவர் பழைய சீட்டுகளை எல்லாம் பின்னாலிருந்து முன்னால் புரட்டிப் பார்த்தார். மூன்று மாத்திரைகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதினார். பிறகு நிதானமாகச் சொன்னார். "நாம சாப்பிடற மருந்தை ஈரல் கொஞ்சங்கொஞ்சமா உடைச்சு வெளியே அனுப்பணும். சில பேருக்கு அந்த வேலை ரொம்ப மெதுவா நடக்கும். நீங்க ஒரு மாத்திரைதான் போட்டிருப்பீங்க, உடம்புக்குள்ள அது மூணு, நாலு போட்ட கணக்கா நிக்கும். இது பிறவியிலேயே வர்ற விஷயம். மரபணு பரிசோதனை பண்ணினா தெரிஞ்சிடும். கன்னத்துக்கு உள்பக்கம் பஞ்சுக் குச்சியால துடைச்சு ஹைதராபாத்துக்கு அனுப்பணும், அவ்வளவுதான். எல்லாருக்கும் நான் இதைச் சொல்றதில்ல. உங்களுக்கு மூணு மாத்திரையும் மூணு விதமா படுத்தியிருக்கு. அதனால பாத்துடலாம்."

"இதப் பாத்தா சரியாயிடுமா சார்?" என்று குமரேசன் கேட்டான்.

"அப்படிச் சொல்ல மாட்டேன். எந்த மாத்திரை குணமாக்கும்னு இதுல வராது. எது உங்க உடம்புல தேங்கும்னு மட்டும்தான் வரும்."

குமரேசன் விலையைக் கேட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தான். பிறகு, "பண்ணிடலாம் சார்" என்றான்.

மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் தேவிப்ரியா அதை நினைக்கவே இல்லை. பௌர்ணமி வந்தது. கிரிவலக் கூட்டத்துக்காகப் பஸ்களைத் திருப்பி விட்டார்கள். குமரேசன் இரண்டு நாள் வண்டியிலேயே கிடந்தான். மையத்தில் சர்வர் வேலை செய்யாத நாட்களில் ஜனம் சத்தம் போட்டது. அவள் எல்லாருக்கும் ஒரே குரலில், "நாளைக்கு வாங்க" என்றாள்.

முடிவு நாலு பக்கம் வந்தது. மருந்துகளின் பெயர்களைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று கட்டங்களில் பிரித்துப் போட்டிருந்தார்கள். டாக்டர் பேனாவால் சிவப்புக் கட்டத்தில் மூன்று இடத்தில் புள்ளி வைத்தார். முதல் மாத்திரை, இரண்டாவது மாத்திரை, இப்போது சாப்பிடுகிற மாத்திரை. மூன்றும் அங்கே இருந்தன.

"மூணையும் ஈரல்ல உடைக்கிறது ஒரே என்சைம். உங்க உடம்புல அது வேலை செய்யல. யார் மேலயும் தப்பில்லீங்க. மாத்திரையை மெதுவா குறைச்சு, பச்சையில இருக்கறது ஒண்ணுக்கு மாத்துவோம். ரெண்டு மூணு மாசம் ஆகும்." அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். "இது ஒரு பக்கத்துலேர்ந்து மட்டும் வந்தா இப்படி ஆகாது. அப்பாகிட்டேர்ந்து ஒண்ணு, அம்மாகிட்டேர்ந்து ஒண்ணு, ரெண்டும் சேர்ந்திருக்கு. வீட்ல வேற யாராவது மனசுக்கு மருந்து எடுக்கறாங்களா?"

"அம்மாவுக்கு ஊசி. மாசா மாசம்."

"எத்தனை வருஷமா?"

"இருபத்தி நாலு."

"எப்படி இருக்காங்க?"

"உக்காந்திருப்பாங்க" என்றாள் தேவிப்ரியா.

டாக்டர் பேனாவை மேசைமேல் வைத்தார். என்ன ஊசி என்று கேட்டார். அவள் சொன்னாள். மாதா மாதம் அப்பா வாங்கி வரும் மருந்துச் சீட்டை அவள் பார்த்திருக்கிறாள். "உங்க ரிப்போர்ட்டை வெச்சு அவங்களுக்கும் இதே மாதிரினு சொல்ல முடியாது. பாதி அவங்ககிட்ட இருக்கு, அது நிச்சயம். மீதி தெரியாது. ஆனா அந்த ஊசியும் இதே வழியிலதான் உடையணும். ஒரு தடவை அழைச்சிட்டு வாங்க."

திரும்பும்போது குமரேசன் வண்டியை ஓரமாக நிறுத்தினான். பின்னால் காலி கேன்கள் ஒன்றோடொன்று முட்டி அடங்கின. அவன் அந்தத் தாள்களை வாங்கி, சிவப்புக் கட்டத்தை விரலால் தேடிப் பார்த்தான்.

"பிரியா. அந்த ரெண்டாவது மாத்திரையப்போ ஒரு நாள் நீ எழுந்துக்கலனு மூஞ்சில ஒரு சொம்பு தண்ணி ஊத்தினேன் இல்ல?"

"ஆமா."

"வேணும்னே படுத்திருக்கேனு நினைச்சேன்."

அவன் காத்திருந்தான். பரவாயில்லை என்று சொல்ல வேண்டிய இடம் என்று அவளுக்குத் தெரிந்தது. "பரவால்ல" என்றாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தான்.

தேவிப்ரியாவின் அப்பா சுப்பிரமணிக்கு கிரிவலப் பாதையில் சின்னக் கடை. தண்ணீர் பாட்டில், பிஸ்கட், கற்பூரம், கால்வலித் தைலம். கடைக்குள் ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மா பாஞ்சாலை உட்கார்ந்திருப்பாள். அறுபத்தி நாலு வயது. முதுகு முன்னால் வளைந்து, கட்டை விரல் ஆள்காட்டி விரலைத் தேய்த்தபடியே இருக்கும். வாய் எதையோ மெல்வதுபோல அசையும். முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் கை எழாது. சுப்பிரமணிதான் அவளைக் குளிப்பாட்டுவார், தலை பின்னுவார், ஊட்டுவார், வாயோரம் வழிவதைத் தோளில் கிடக்கும் துண்டால் துடைப்பார்.

பாஞ்சாலைக்கு நோய் வந்தபோது தேவிப்ரியாவுக்கும் பதினாலு வயதுதான். தண்ணீரில் யாரோ மருந்து கலக்கிறார்கள் என்று அம்மா குடம் குடமாகத் தெருவில் கொட்டினாள். ஒருநாள் உச்சி வெயிலில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மலையைச் சுற்ற ஆரம்பித்தாள். "நின்னா உன்னத் தூக்கினு போயிடுவாங்க" என்று சொல்லிச் சொல்லி ஒரு சுற்று முடித்து, இரண்டாவது சுற்றில் பாதியில் விழுந்தாள். இருவருக்கும் உள்ளங்காலெல்லாம் கொப்புளம். அதற்குப் பிறகு ஊசி போட்டார்கள். இரண்டாவது மாதத்தில் வீடு அமைதியாயிற்று. பாஞ்சாலை குணமாகிவிட்டாள் என்று எல்லாரும் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தேவிப்ரியா கடைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். அப்பாவை அவள் நைனா என்றுதான் கூப்பிடுவாள். மையத்தில் விண்ணப்பதாரருக்கு விளக்குவதுபோல வரிசையாகச் சொன்னாள். சுப்பிரமணி கற்பூரப் பாக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டார்.

"எதுக்கு வேற டாக்டரு? நல்லாத்தான கீறா. சண்ட இல்ல, சத்தம் இல்ல."

"பேச்சும் இல்ல நைனா."

"அது வியாதி."

"ஊசி ஜாஸ்தியானாலும் அப்பிடி ஆவுமாம்."

அவர் கை நின்றது. "அப்போ இன்னா சொல்ற? நான் இட்டுனு போய்ப் போட்ட ஊசிதான் அவள இப்பிடி ஆக்கிச்சினா?"

"நான் அப்பிடி சொல்லல. டாக்டரும் சொல்லல. பாக்கணும்னாரு."

"ஒரு மாசம் விட்டதில்ல பாப்பா. கொரோனாவுல பஸ்ஸு கெடையாது. சைக்கிள்ல குந்தவெச்சு தள்ளினு போனேன். வழியில போலீஸ் நிறுத்தினான். அவன் கையில கால்ல வுழுந்து போனேன்."

"தெரியும் நைனா."

ஒருவர் வந்து தண்ணீர் பாட்டில் கேட்டார். சுப்பிரமணி எடுத்துக் கொடுத்தார். அவர் போன பிறகும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்கு இருக்குதுனு சொன்னியே. அதுல பாதி என்னுதா?"

"ஆமா."

"நான் ஒரு தலவலி மாத்திர கூடப் போட்டதில்ல. எனக்கெப்பிடித் தெரியும்?"

தேவிப்ரியா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியதால் பிடித்தாள். கை சூடாக இருந்தது. நாற்காலியில் பாஞ்சாலையின் விரல்கள் தேய்த்துக்கொண்டே இருந்தன.

சுப்பிரமணி இரண்டு வாரம் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

டாக்டர் அன்பரசன் பாஞ்சாலையின் முழங்கையைப் பிடித்து மெல்ல மடக்கி நீட்டினார். சீராக மடங்காமல், விட்டு விட்டு, சின்னச் சின்ன வெட்டாக அது அசைந்தது. நடக்கச் சொன்னார். கால்கள் தரையைவிட்டு எழாமல் தேய்த்துக்கொண்டு போயின, திரும்புவதற்கு எட்டு அடி எடுத்தாள். இவங்களுக்கும் அந்தப் பஞ்சுக் குச்சி டெஸ்டா என்று குமரேசன் கேட்டான்.

"இவங்களுக்கு டெஸ்ட் வேணாங்க. கையப் பிடிச்சாலே தெரியுது. ஊசியை நிறுத்த மாட்டேன். அளவைக் குறைக்கறேன், நாளைத் தள்ளிப் போடறேன்." பிறகு சுப்பிரமணியிடம், "ஐயா, நீங்க விடாம போட்டதுனாலதான் இவங்க இத்தனை வருஷம் உங்க கூட இருந்தாங்க. அளவு மட்டும் இவங்க உடம்புக்குக் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார்.

"எத்தினி வருஷமா ஜாஸ்தி சார்?"

டாக்டர் சீட்டு எழுதுவதில் குனிந்துகொண்டார்.

முதல் இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது மாதம் பாஞ்சாலை முகத்தில் உட்கார்ந்த ஈயை ஓட்டினாள். சுப்பிரமணி அதைப் பார்த்துவிட்டு மகளுக்குப் போன் பண்ணினார். பிறகு அவளே டம்ளரைப் பிடித்தாள். ஒரு காலை, "சர்க்கர ஜாஸ்தி" என்றாள். அவர் பயந்துபோய் டீயைக் கீழே வைத்துவிட்டு, "இன்னாமே, இன்னா சொன்ன?" என்று கேட்டார். அவள் திரும்பச் சொல்லவில்லை. வாய் மெல்வது மட்டும் நிற்கவில்லை. அது இனிமேல் போகாமலே இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இங்கே தேவிப்ரியாவின் மாத்திரையும் மாறிக்கொண்டிருந்தது. பழையதைக் குறைக்கும்போது தலைக்குள் சுரீரென்று ஏதோ வெட்டி வெட்டிப் போயிற்று. ஒரு வாரம் வேலைக்குப் போகவில்லை. குமரேசன் விடியற்காலையில் எழுந்து இட்லி ஊற்றினான். படுத்திருந்தவளை எழுப்பவில்லை. புதிய மாத்திரையில் வாந்தி இல்லை, மயக்கம் இல்லை. ஆனால் வேறு எதுவும் இல்லை. "இன்னும் பாக்கலாம்" என்றார் டாக்டர். பச்சைக் கட்டம் என்றால் தொல்லை தராது என்றுதான் அர்த்தம், சந்தோஷம் தரும் என்று இல்லை என்று அவர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

நாலாவது மாதம் ஒரு ஞாயிறு, எல்லாரும் கடையில் இருந்தார்கள். பேச்சோடு பேச்சாக குமரேசன், பாஞ்சாலையின் அக்கா ராஜம்மாளின் மகன் வீடு கட்டுவதைச் சொன்னான். ராஜம்மாள் இறந்து எட்டு வருடம். சாவுக்குப் பாஞ்சாலையையும் கூட்டிப்போய்ப் பந்தலில் உட்கார வைத்திருந்தார்கள். அவளுக்குத் தெரியவா போகிறது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். இப்போதும் குமரேசன் குரலைத் தாழ்த்தி, "அத்தைக்கு அவங்க செத்ததே தெரியாது இல்ல?" என்றான்.

"தெரியும்" என்றாள் பாஞ்சாலை.

எல்லாரும் திரும்பினார்கள். அவள் தரையைப் பார்த்தபடியே பேசினாள். வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விட்டு, காய்ந்த குரலில் பேசினாள்.

"மால போட்டாங்க. பச்சப் பொடவ. எல்லாந் தெரியும். அக்காடி, அழுனு நெனச்சேன். வரல."

சுப்பிரமணி எழுந்து கடைக்குப் பின்னால் போனார். தண்ணீர் பாட்டில் கட்டுகளுக்கு நடுவே குந்தி, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். குமரேசன் பின்னால் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். கவிநிலா என்ன செய்வதென்று தெரியாமல் பாட்டியின் முழங்காலில் கை வைத்தாள்.

தேவிப்ரியா ஸ்டூலை அம்மாவின் அருகில் இழுத்துப் போட்டாள். "எனக்கும் அப்பிடித்தாம்மா. வரல" என்றாள்.

பாஞ்சாலை மெதுவாகத் தலையைத் திருப்பினாள். முழுசாகத் திரும்ப நேரமாயிற்று. மகளை வெகுநேரம் பார்த்தாள். "உனக்குமாடி?" என்று கேட்டாள். தேவிப்ரியா தலையாட்டினாள். பதினாலு வயதுக்குப் பிறகு அம்மா அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. அது தெரிந்தும் தேவிப்ரியாவுக்கு உள்ளே எதுவும் அசையவில்லை. ஆனால் எழுந்து போகவும் தோன்றவில்லை.

எல்லாம் நல்லபடியாகவே போய்விடவில்லை. ஆறாவது மாதம் பௌர்ணமிக்கு ஒலிபெருக்கியில் காணாமல் போனவர்களின் பெயரை அறிவித்துக்கொண்டிருந்தபோது, தன் பெயரையும் சொல்கிறார்கள் என்று பாஞ்சாலை காதைப் பொத்தினாள். மறுநாள் குடத்துத் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தாள். சுப்பிரமணி நடுங்கிப்போனார். "பழைய ஊசியே போட்டுடலாம் பாப்பா, எனக்கு இது தாங்காது" என்றார். டாக்டர் பழைய அளவுக்குப் போகவில்லை. கொஞ்சம் கூட்டினார். கூடவே வேறு ஒரு மாத்திரை கொடுத்தார், தேவிப்ரியாவின் தாளில் பச்சையில் இருந்த வகை. மூன்று வாரத்தில் ஒலிபெருக்கி அவள் பெயரைச் சொல்வதை நிறுத்தியது. பேச்சும் கொஞ்சம் குறைந்தது. இப்போது நாளைக்குப் பத்து வார்த்தை பேசுகிறாள். டம்ளரை அவளே பிடிக்கிறாள். கடைக்கு வெளியே நாற்காலியைப் போடச் சொல்கிறாள். சுப்பிரமணி போடுகிறார். அவர் முன்னைவிட மெலிந்துவிட்டார். ஊசிக்குப் போகிற நாளில் டாக்டரிடம் இரண்டு தடவை அளவைக் கேட்டுக்கொள்கிறார்.

தேவிப்ரியாவுக்கு முதலில் திரும்பி வந்தது கோபம். வரிசையில் ஒருவர் முன்னால் நின்ற ஒரு மூதாட்டியைத் தோளால் தள்ளினார். "பின்னாடி போய்யா!" என்று கத்திவிட்டாள். பக்கத்து ஆபரேட்டர் பாலாஜி கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். அதற்குப் பிறகு பல நாள் மறுபடி ஒன்றும் இல்லை.

ஒரு ஞாயிறு காலை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கவிநிலா கிளிப்புகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டே கேட்டாள். "அந்த ரிப்போர்ட்ல இருக்கறது எனக்கும் இருக்குமா?"

"ஒண்ணு இருக்கும். என்கிட்ட இருக்கற ரெண்டும் அதுதான், அதனால ஒண்ணு நிச்சயம். உங்கப்பாகிட்டேர்ந்தும் ஒண்ணு வந்திருந்தாத்தான் என்ன மாதிரி. டாக்டர் இப்போ பாக்க வேணாம்னாரு. நீ மருந்து எதுவும் சாப்பிடலியே."

"அது மருந்துக்கு. வியாதி?"

"அதுக்கு டெஸ்ட் இல்ல."

"பாட்டிக்கு வந்தது, உனக்கு வந்தது. எனக்கும் வருமா?"

தேவிப்ரியா ஈரச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "தெரியாதுடா."

"வந்தா நீ கண்டுபிடிப்பியா?"

விலா எலும்புக்குக் கீழே எதுவோ இறுகியது. முதலில் வாயு என்று நினைத்தாள். அது போகவில்லை. மகளின் முகவாயில் இருந்த தழும்பு, காற்றில் பறந்த முடி, படிக்கட்டின் விளிம்புக்கு அவள் எவ்வளவு அருகில் நிற்கிறாள் என்பது எல்லாம் ஒரே சமயத்தில் தெரிந்தது.

"கண்டுபிடிப்பேன்" என்றாள். "நீ சொல்லணும். நீ சொல்லலன்னாலும் நான் கேப்பேன். இந்தப் பக்கம் தள்ளி நில்லு."

கவிநிலா தள்ளி நின்றாள். கிளிப்புகளை நீட்டினாள்.

அந்த இறுக்கம் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் இருந்தது. பிறகு குறைந்து, சாயங்காலத்துக்குள் போய்விட்டது. சனிக்கிழமை டாக்டரிடம் அவளாகவே அதைச் சொன்னாள்.

"எப்படி இருந்துச்சு அது?"

"பயம் சார். பயந்தான். நல்லாத் தெரிஞ்சுது."

"எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்குங்க."

அவர் எழுதிக்கொண்டார். மாத்திரையை மாற்றவில்லை. ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார். வெளியே குமரேசன் வண்டியை வெயிலிலிருந்து நகர்த்தி, வேப்பமர நிழலில் போட்டுக் காத்திருந்தான். தேவிப்ரியா ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். மையம் திறக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது.